நியூயோர்க் தெரிந்த அண்ணை

தொண்ணூறுகளில் பார்க்டேல் உணவகமொன்றில் என்னோடு கோப்பை கழுவிய அண்ணைக்கு நியூயோர்க் தண்ணீர்பட்ட பாடு. துறைமுகத்தால் அந்த நகரம் செழித்த கதையை ஈரவிரலால் மேசையில் கீறிக் கீறிச் சொல்வார்.

"வோல் ஸ்ட்ரீட்டிலை முந்தி உண்மையாவே மதில் இருந்தது, தெரியுமோ?"

தங்கையின் கல்யாணத்துக்கு நான் அங்கே தனியே போகவேண்டி வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தாலிகட்டும் நேரம் வேறெங்கோ ரயிலில் நிற்பேனோ என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் தாளில் வழி கீறித் தந்தார். முகூர்த்தத்துக்கு முன்னரே மண்டபத்தில் நின்றேன்.

திரும்பி வந்து கேட்டேன்: "அங்கை எத்தினை வருசம் இருந்தனீங்கள், அண்ணை?"

"வருசமோ? பிளேன் மாற நாலு மணித்தியாலம். வெளியிலை விடேல்லை. மிச்சமெல்லாம் லைப்ரரிப் புத்தகம்."

கழுவின கோப்பையையே நான் மறுபடி கழுவினேன்; அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"அதுசரி, அங்கை சனம் உண்மையாவே வேகமாவோ நடக்குது?"

அங்கே நின்றவரை அவர் கீறித் தந்த தாளை விட்டு நான் தலை நிமிர்த்தவேயில்லை; சனம் நடந்ததை எங்கே பார்த்தேன்! "ஓம் அண்ணை, ஓட்டந்தான்" என்றேன்.

அன்று முழுக்க அவர் கோப்பைகளை அந்த வேகத்திலேயே கழுவினார்.