கருப்பராயன் இறங்காத மண்மேடு

அமராவதி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவளை அசைக்க எவனாலும் ஆகாது. பொங்கலூர்ப் பக்கம் அவளும் புருஷனும் நடத்திய கல்குழி சின்னதுதான். அவர் போன பிறகும் தனியாளாக நின்று நடத்தினாள். திருப்பூரில் எத்தனையோ பனியன் கம்பெனிகள் அந்தக் கல்மேல்தான் நிற்கின்றன. இப்போது குத்தகைக் காலம் முடிந்துவிட்டது. குழியை நிரப்பி, மேல்மண் பரப்பி, மரம் நட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை பேர் அதைச் செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

அவள் செய்யத் துணிந்தாள். ஜேசிபி வாடகைக்கு எருமைகளை விற்றாள். கல்கழிவைத் தள்ளிக் குழியின் அடிப்பாகத்தை நிரப்பியாயிற்று. மேலே பரப்ப, குழி வெட்டத் தொடங்கியபோது வழித்தெடுத்த மேல்மண் கரையிலேயே மேடாகக் கிடந்தது. அங்கேதான் வந்தது வினை. மேட்டு உச்சியில் கருப்பராயன் நின்றார். வெடி வேலையில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாதென்று, கல்லுடைக்கும் கன்னையன் முதல் வெடிக்கு முன்பே நட்டுவைத்த கல் அது. வருஷம் தவறாமல் கிடாய் வெட்டுகிற சாமி. டிரைவர் பையன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான்.

"என்னால ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டான்.

இது எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாளே தனபால் லாரியோடு வந்து நின்றான். திருப்பூரில் கம்பெனிக் குப்பை அள்ளுகிறவன்.

"நீங்க ஏனுங்கக்கா சிரமப்படறீங்க? காசே வேண்டாங்க, நானே ரொப்பித் தர்றேன். எல்லாம் பனியன் வேஸ்ட்டுதானுங்க."

"துணிக்கு அடியில சாயக்கழிவு வருமா, வராதா?"

தனபால் சிரித்தான்.

குழிக்குக் கீழ்ப்புறம் கன்னையன் வீட்டுக் கிணறு. அவர் மனைவி கருப்பாத்தாளும் அந்தத் தெருவும் சேர்ந்து குடிக்கிற தண்ணீர். அது கெடாமல் மூடித் தருவேன் என்று கருப்பாத்தாளின் கையைப் பிடித்துச் சொன்னவள் அமராவதி. அடேயப்பா, அவளுக்கு வந்த கோபம்!

"வண்டியத் திருப்புங்க தம்பி" என்றாள் தனபாலிடம்.

சாமியிடமே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கல்லின் இரண்டு தோளிலும் ஈரப் பூ ஒட்டுவது. வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். நட்டவர் கன்னையன், கேட்கும் உரிமையும் அவருக்குத்தான்.

"அய்யா, உன்னய வேற எடத்துல குடி வெக்கலாங்களா?"

இடப்பக்கப் பூ விழுந்தது. கன்னையனின் முகம் செத்துப்போயிற்று. கிணறு போச்சு என்றே நினைத்துவிட்டார்.

அமராவதி தலைக்கு மேல் கைகூப்பினாள். "வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. சரி, அவுரு அங்கயே இருக்கட்டுமுங்க. அவுரு நிக்கற மண்ணைத் தொட வேண்டாம். சுத்தியும் இருக்கறத எடுங்க."

எடுத்தார்கள். சாமிக்கென்று தாராளமாக விட்ட மண் போக, மிச்சம் போதவில்லை. கிணற்றை ஒட்டிய பக்கம் வெறும் கல்கழிவாகவே கிடந்தது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, பெய்தால் கல்தூளெல்லாம் கிணற்றில்தான் இறங்கும். அவள் யோசிக்கவே இல்லை, தன் காட்டைக் கைகாட்டினாள்.

கன்னையன் பதறிப்போனார். "அம்மிணி, அது உங்க சோளக்காடுங்க! மேல்மண்ண வழிச்சுட்டா நீங்க என்னத்த வெதைப்பீங்க?"

"சோளம் கடையில கெடைக்குமுங்கண்ணா. கெட்ட கெணத்துக்கு நல்ல தண்ணி எந்தக் கடையிலயுங்க வாங்கறது?"

டிரைவர் பையன் காட்டு வரப்பருகே வண்டியை நிறுத்தி, மறுபடியும் செருப்பைக் கழற்றினான். அமராவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது.

"செருப்பப் போட்டுக்க கண்ணு. இங்க சாமி ஒண்ணும் நிக்கல, இது எங் காடுதான்."

அவன் ஏனோ வெறுங்காலோடுதான் வண்டியில் ஏறினான்.