ஜாஸ்தி, கம்மி

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரிலிருந்து மாதனூருக்கும், அங்கிருந்து அடுத்த டெலிபோன் நிலையத்துக்கும் கண்ணாடி இழைக் கேபிள் போட்டோம். நான் டெலிபோன் இலாகாவில் புது ஜூனியர் இன்ஜினியர். ஓரிடத்தில் உட்காராத ஜென்மம். பள்ளத்தின் ஓரமாக நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பேன்.

கேபிள் இரண்டு ரகமாக வந்திருந்தது. இழையின் நடுவில் போகும் ஒளியும் ஓரமாக வளைந்து போகும் ஒளியும் ஒன்றாகப் போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் ஒளித் துடிப்புகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும், மறுமுனையில் எதுவும் விளங்காது. ஒரு ரகத்தில் ஓரத்து ஒளி முந்திக்கொள்ளும், மற்றதில் பிந்தும். இரண்டையும் மாற்றி மாற்றி இணைத்தால் ஒன்றின் கோளாறை மற்றது சரிக்கட்டும்.

இதையெல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஓரத்து ஒளியை வேகப்படுத்த இழையில் செய்திருந்த திருத்தம் முந்துகிற ரகத்தில் ஜாஸ்தி, பிந்துகிறதில் கம்மி என்று நினைத்து, கேபிள் சுற்றியிருந்த ட்ரம்களின் மேல் சாக்பீஸால் 'ஜாஸ்தி', 'கம்மி' என்று மட்டும் எழுதிவிட்டு வேறு வேலையாகக் காட்பாடிக்குப் போய்விட்டேன்.

இணைப்பு போட்டவர் மாதனூர்க்காரர். ஏழு வருஷமாகத் தினக்கூலி. இந்த வேலை முடிந்ததும் நிரந்தரமாக்குவதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பள்ளத்தை மூடும் முன் சோதித்தோம். திரையில் கூராக நிற்க வேண்டிய துடிப்பு இட்லி மாதிரி உப்பிக் கிடந்தது. மாதனூருக்கு இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமும் அப்படித்தான்.

மேலதிகாரி கேட்டார்: "யாருய்யா ஒரே ரகத்தை இப்படி வரிசையாப் போட்டது?"

"நான்தான் சார்," என்றார் இணைப்புக்காரர். "ஜாஸ்தின்னா நீளம் ஜாஸ்தின்னு நெனச்சேன். ஆம்பூர் பக்கம்தான் தூரம் அதிகம்னு அதையெல்லாம் அங்க போட்டுட்டு, கம்மியை அந்தாண்ட போட்டுட்டேன்."

நான் முன்னால் போனேன். "எழுதினது நான் சார். அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாம போய்ட்டேன்."

அதிகாரி நிமிரக்கூட இல்லை. "நீங்க எழுதினது சரிதானே? புரியலேன்னா அவர் கேட்டிருக்கணும். நாளையிலேர்ந்து அவர் வேணாம்."

மேலே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. என் வேலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் வயிற்றில் நிம்மதி இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

அதிகாரியின் ஜீப் போனபின் இணைப்புக்காரர் என்னிடம் வந்தார்.

"எந்த ட்ரம் கேபிள எங்க மாத்தணும், இப்ப சொல்லுங்க சார். பொழுதிருக்குது. முடிஞ்ச மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போய்ட்றேன்."