சிறகு வைத்த நோட்டீஸ்

நாகசுவரம் வாசிக்க நான்கு கல்யாணமாவது கிடைக்காதா என்று, நாகர்கோவிலில் கிறிஸ்தவ வேதப் பிரசுரங்கள் போடும் அச்சகத்தில் எனக்கொரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். ஊதுகிற ஆளின் படம் அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. சிறகு விரித்து எக்காளம் ஊதும் தேவதூதன்.

"ஊதுகது எல்லாம் ஊதுகதுதானே, ஓய்" என்று அச்சுக்காரர் அதையே என் பெயருக்கு மேல் வைத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அந்த ரோஸ் காகிதத்தின் மை வாசனை, கீழே வைக்க மனம் வரவில்லை.

நோட்டீஸைப் பார்த்து அருமனையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வில்வண்டி அனுப்பினார்கள். பந்தலில் பெண்ணின் அப்பா என் முதுகை எட்டிப் பார்த்தார். "செறகை எங்க கழத்தி வச்சீரு?"

நான் நாகசுவரத்தை உதட்டில் வைத்தேன். விடியற்காலைப் பனியில் பூபாள ராகத்தை எடுத்தேன். சற்று நேரத்தில் தென்னந்தோப்பு என் காலுக்குக் கீழே மெல்ல இறங்கிப் போயிற்று.