காணாமல் போன சட்டைகள்

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு துப்பறியும் கதையைப் பரிசாகக் கொடுத்தார்கள். சிறுவர்களுக்காக எழுதியது. அதில் என் வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டில் நடக்கும் திருட்டைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். கடைசியில் எல்லோரையும் உட்காரவைத்துத் திருடனின் பெயரைச் சொல்வாள். அந்த இடத்தை மட்டும் இருபது தடவையாவது படித்திருப்பேன். வீட்டில் நான் ஒரே பிள்ளை. சுற்றிலும் வயல். பல்லாங்குழியில் இரண்டு பக்கமும் நானே ஆடி நானே தோற்பேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு திருட்டு நடக்காதா என்று ஏங்கினேன். நடந்தது. மரப்பெட்டியில் கிடந்த என் பழைய சட்டைகள், வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கோயிலுக்குப் போய்வந்த பிறகு குறைந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஓலைப்பெட்டியோடு கிளம்பியதும் பின்னாலேயே போனேன்.

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. குளத்தங்கரையில் ஒரு பெண் காத்திருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி, என் நீலச் சட்டையில். அம்மா அவளை மடியில் வைத்து முறுக்கை ஒடித்து ஊட்டினாள். நான் மரத்தின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து காப்பி குடிக்கும்போது சொன்னேன்: “அப்பா, என் சட்டயள எடுக்கது ஆருன்னு எனக்குத் தெரியும்.”

“ஆருட்டி?”

பார்த்ததையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பாராட்டவில்லை. அம்மாவைத்தான் கேட்டார்.

“அவளத் தலமுழுகியாச்சுல்லா? பொறவு என்ன போக்குவரத்து?”

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகவில்லை.

குளத்தங்கரையில் காத்திருந்தவள் அம்மாவின் தங்கை. வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு சிதறால் பக்கம் போய்விட்டவள். என் சட்டையைப் போட்டிருந்தவள் எனக்குத் தங்கச்சி முறை. பத்து வருஷம் கழித்துத்தான் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது. அவளை நான் மறுபடி பார்த்ததே இல்லை.

நான் அப்பாவிடம் சொன்னதற்கு மறுநாள் மத்தியானம், அம்மா மரப்பெட்டியைத் திறந்துவைத்து, மீதிச் சட்டைகளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, “அழாதம்மா, இனி ஒண்ணும் களவு போவாது” என்றேன்.