அவர் பெயரில் நான் அடித்த கட்டளை

ஒரு சின்னக் கருவியை என் லேப்டாப்பில் நிறுவ அனுமதி கேட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

துபாயில், தேராவில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஜூலை மாதம். பள்ளிக்கூடங்கள் மூடியாயிற்று. ஆபீஸில் பாதிப் பேர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வேலை கிளஸ்டரைப் பார்த்துக்கொள்வது. நிறுவனத்தின் மென்பொருள்களெல்லாம் கண்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பொட்டலங்களாகப் பல சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சர்வர் கூட்டத்துக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஒரு கருவி உண்டு. பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரே ஒரு ஃபைல். இறக்கி, உரிய ஃபோல்டரில் வைத்து, ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது.

என் லேப்டாப் அதை இறக்க விட்டது, ஓட விடவில்லை. நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்றது. விண்ணப்பம் போட்டேன். எதற்கு வேண்டும் என்று கேட்டார்கள். கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ள என்று எழுதினேன். அதைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார்கள். நான்தான், அதற்குத்தானே என்னை வேலைக்கு எடுத்தீர்கள் என்று எழுதினேன். மேனேஜரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அது வந்ததும் பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். மூன்றாம் மாடி ஹெல்ப் டெஸ்க்குக்கு நேரிலேயே போய் நின்றேன்.

"ஹோ ஜாயேகா மேடம்", ஆகிவிடும் என்றார் அங்கிருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாளும் போனேன். "அப்ரூவல் மாஃபி, மேடம்" என்றார், ஒப்புதல் வரவில்லை என்று. ஒப்புதல் தர வேண்டியவரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதில் யார் என்று கேட்டால் தோளைக் குலுக்கினார். அந்தத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

என் பக்கத்து மேஜையில் ஒரு மதுரைக்காரர். எட்டு வருஷமாக அங்கே வேலை. மனைவி, மகனோடு அல் குசைஸில் குடியிருந்தார். மகனுக்கு மொட்டையடித்துக் காதுகுத்த லீவு எடுத்து ஊருக்குப் போயிருந்தார். லீவில் போகிறவர்கள் லேப்டாப்பை டிராயரில் வைத்து, பாஸ்வேர்டை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டுப் போவது அந்த ஆபீஸ் வழக்கம். தப்பென்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்தார்கள். அவரும் செய்தார்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். வெல்லம் போலப் பேசுவார். "ஏனுங்க, இன்னும் அப்ரூவலுக்கே உக்காந்துட்டு இருக்கீங்களா? அவரு லேப்டாப்புல எல்லாம் இருக்குதுங்க. எடுத்து ஓட்டுங்க" என்றார். இது சரியா என்று கேட்டேன். "நான் சொல்றனுங்க" என்றார். எடுத்தேன்.

அது ஏழாம் நாள். சோதனைக்கென்று தனியாக ஒரு கிளஸ்டர் இருந்தது. அதில் ஒரு பழைய மென்பொருளை நீக்க வேண்டியிருந்தது. கட்டளையை அடித்தேன். மதுரைக்காரர் கிளம்பும் அன்று கடைசியாக நிஜக் கிளஸ்டரில் ஏதோ சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கருவி அதையே பார்த்தபடி நின்றிருக்கிறது. எந்தக் கிளஸ்டர் என்று பார்த்துவிட்டு அடித்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. நிஜக் கிளஸ்டரில் அதே பெயரில் ஓடிக்கொண்டிருந்த, டிரைவர்களின் போன்களில் சரக்கு விவரம் காட்டுகிற மென்பொருள் நின்றுபோனது. கிடங்கு வாசலில், ஜூலை மாத உச்சிவெயிலில், லாரிகள் வரிசைகட்டி நின்றன. திரும்ப ஓட வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

கட்டளையை அடித்தது யாருடைய கை என்று கிளஸ்டருக்குத் தெரியாது. யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்றுதான் பதிவாகும். பதிவில் இருந்தது மதுரைக்காரரின் பெயர். மேனேஜர் அந்தப் பெயரையே அறிக்கையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

"நான்தான் பண்ணேன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் அறைக்குள் போய்க் கத்தினேன்.

"கத்தாதீங்க. நீங்க ப்ரொபேஷன்ல இருக்கீங்க, உங்க பேரு வந்தா வேலை போயிருமுங்க. அவரு பழைய ஆளு, ஒண்ணும் ஆவாதுங்க."

எனக்கு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் மதுரைக்காரர் வாட்ஸப்பில் கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம். "ஏம்மா, நான் இங்கன பிள்ளைய மாமன் மடியில உக்கார வச்சுட்டு நிக்கிறேன். லைவ் கிளஸ்டர்ல எதுக்குக் கை வச்சேன்னு மெயில் வந்திருக்கு. என்னம்மா நடக்குது?" நடந்ததைச் சொன்னேன். "சரிம்மா. நான் பேசிக்கிறேன். நீ பதறாத" என்றார்.

நான் பதறவில்லை, கொதித்தேன். உட்கார்ந்து மேலிடத்துக்கு மெயில் எழுதினேன். கட்டளையை அடித்தது நான். அவருடைய லேப்டாப்பில், அவர் எழுதி வைத்த பாஸ்வேர்டில் அடித்தேன். அப்படிச் செய்யச் சொன்னது மேனேஜர். என் விண்ணப்பம் எட்டு நாளாகத் தூங்குகிறது. ஒன்றையும் விடவில்லை. பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் நகல் போட்டேன். அனுப்பியபோது நெஞ்சு நிறைந்திருந்தது.

மறுநாளே என் லேப்டாப்புக்கு அனுமதி வந்துவிட்டது. அடுத்த வாரம் எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. எனக்கு ஒன்று, பாஸ்வேர்டைப் பிறருக்குக் கொடுத்ததற்காக மதுரைக்காரருக்கு ஒன்று. மேனேஜருக்கு எதுவும் இல்லை. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாராம். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை. அவர் வாயால்தானே சொன்னார்.

என் வேலை போகவில்லை. மதுரைக்காரரின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிவதாக இருந்தது. கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் இருப்பவர்களுக்குப் புதுப்பிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மகன் அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தான். அவனுடைய டி.சி.க்காக ஒரு நாள் லீவு கேட்டு அவர் மேனேஜர் அறை வாசலில் நின்றதைப் பார்த்தேன்.

கடைசி நாள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவரிடம் போய், "அண்ணே, இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது" என்றேன்.

அவர் நிமிராமலே பேசினார். "மேலிடத்துல இருக்கிற பெரியவருகிட்ட அன்னைக்கே பேசி, வாய்வார்த்தையோட முடிச்சிருந்தேம்மா. ஊருக்குப் போனவன் பேரு தப்பா விழுந்திருச்சுன்னு சொன்னேன், சரின்னு விட்டுட்டாரு. ஒம் பேரும் வந்திருக்காது, எம் பேரும் வந்திருக்காது. பாஸ்வேர்டு குடுத்தத நீ எழுத்துல குடுத்த பெறகு அவராலயும் ஒண்ணும் செய்ய முடியல."

"நீங்க எங்கிட்ட சொல்லலையேண்ணே."

"நான் பேசிக்கிறேன்னு சொன்னேன்லம்மா."

அந்த மெயிலை அவருக்காகத்தான் எழுதினேன் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.