பழைய டிரைவர் தேவை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 'வசந்த் கம்ப்யூட்டர்ஸ்' என்றொரு பலகை தொங்கும். பன்மையைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். முதலாளி, மெக்கானிக், பெருக்குகிற ஆள் எல்லாம் வசந்த்குமாராகிய நானே. ஊரெல்லாம் விண்டோஸ் வைத்திருக்க, நான் லினக்ஸ் வைத்திருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். திருப்புலிவனத்தில் கடை வைத்திருக்கும் பீட்டரிடம் இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவனை வெறுப்பேற்றியிருக்கிறேன்.

அன்று காலை, அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. என்ன ஏது என்று பார்க்காமல் அழுத்தினேன். 'படிக்காமல் எதையும் அழுத்தாதீர்கள்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பவனும் நான்தான். மறுபடி ஆன் செய்தால் திரை கன்னங்கரேலென்று நின்றது.

அந்த நேரம் பார்த்து நதியா தன் அம்மா கங்கம்மாளோடு வந்தாள். லேப் டெக்னீஷியன் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. ஃபோனில் விண்ணப்பப் பக்கம் திறக்கவே இல்லையாம். கங்கம்மாள் அறுப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பத்து நிமிசம்க்கா" என்றேன். பத்து நிமிஷம் மதியம் இரண்டு மணி வரைக்கும் நீண்டது. தெரிந்த கட்டளைகளையெல்லாம் தட்டினேன். தெரியாத சிலவற்றையும் தெரிந்த மாதிரி தட்டினேன்.

"இன்னாதான் ஆச்சு வசந்து?" என்றார் கங்கம்மாள்.

"புது டிரைவர் ஒத்து வரலக்கா. பழைய டிரைவர் வந்தாத்தான் ஓடும்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று எழுந்து போனார்.

அரை மணியில் சேட்டுவோடு திரும்பினார். சேட்டு இருபது வருடம் கரும்பு லாரி ஓட்டியவர். இப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார்.

"வண்டி எங்க கீது?" என்றார்.

திரையில் படம் வர வைக்கும் சமாசாரத்துக்கும் டிரைவர் என்றுதான் பேர் என்று விளக்கினேன். சேட்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செரி. வேற எங்கியும் கம்ப்யூட்டரு இல்லியா? நான் இட்டுக்கினு போறேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நதியாவின் முகத்தைப் பார்க்காமல், "திருப்புலிவனத்துல பீட்டர் கடை கீது" என்றேன்.

அவர்கள் போன பிறகு, ஆன் ஆகும்போது வருகிற பட்டியலில் அப்டேட்டுக்கு முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். திரை பளிச்சென்று வந்தது. காலையில் முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

நாலு மணிக்கு நதியாவின் எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. பேசியது கங்கம்மாள்.

"அனுப்பிட்டோம் வசந்து. பீட்டரு தம்பி அஞ்சே நிமிசத்துல முடிச்சிச்சி. இந்தக் கடை கீதுன்னு காலைலயே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்க்கா" என்றேன்.

நதியா ஃபோனை வாங்கி, "ரொம்பத் தேங்ஸ்ண்ணா" என்றாள்.