பின்பாக்கெட் வைத்த பை

முனிரத்தினத்தின் புத்தகப் பையை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடுவேன். பாகாலா பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்குள் அவன் திரும்பும்போதே அந்த வழவழப்பான வெள்ளை பிளாஸ்டிக் 'கவர்' சலசலக்கும். குவைத்துக்கு வேலைக்குப் போன அவனுடைய நைனா, விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் சோப்பும் சென்ட்டும் போட்டுக் கொடுத்தனுப்பிய கவர் அது. கடைகளில் இன்னும் காகிதப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த காலம் என்பதால், வகுப்பில் அப்படியொன்று வேறு யாரிடமும் இல்லை.

என்னிடம் இருந்தது காக்கிப் பை. லாரி ஓட்டிய என் நைனாவின் பழைய பேண்டில் இடது காலை வெட்டி அம்மா கையால் தைத்தது. "டேய், உங்க நைனா காலை எத்துகினு வந்துட்டியே, அவுரு நொண்டிக்கினு போறாரா?" என்று முனிரத்தினம் கேட்பான், வகுப்பே சிரிக்கும். கூச்சத்தில் நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன். மழை நாளில் அவன் புத்தகம் மட்டும் நனையாமல் இருப்பதைப் பார்க்கையில் வயிறு எரியும்.

ஒருநாள் அந்தக் கவரின் பிடி அறுந்தது. அவன் அம்மா அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, "அக்கா, ரெண்டு தையல் போட்டுக் குடேன்" என்றாள். கவரையும் துணியாகவே நினைத்த என் அம்மா, பிடியை வைத்து நெருக்கி நெருக்கித் தைத்தாள். மறுநாள் புத்தகங்களை வைத்துத் தூக்கியதும், ஊசி குத்திய வரிசையிலேயே கவர் தபால்தலை கிழிவதுபோலக் கிழிந்து எல்லாம் தெருவில் கொட்டியது. முனிரத்தினம் புழுதியில் உட்கார்ந்து அழுதான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, சாயங்காலம் வரைக்கும்தான்.

சாயங்காலம் அம்மா அதே பேண்டின் வலது காலை வெட்டி அவனுக்குப் பை தைத்தாள். பின்பாக்கெட் இருந்தது அந்தப் பக்கம்தான், பட்டன்கூட இருந்தது. நான் தரையை உதைத்து அழுததும் சொன்னாள்: "உன் நைனா வூட்டுக்கு வந்து போய்க்கினுதான கீறாரு? அவனுக்கு பாக்கெட்டாவது இருக்கட்டும் வுடு."

ஐந்தாம் வகுப்போடு நான் ரேணிகுண்டா பட்டறைக்கு வேலைக்கு வந்தேன். பிறகு எதை வாங்கினாலும் கவர் சும்மாவே கிடைக்கும் காலம் வந்தது. சாக்கடையை அடைத்தது, மாடு தின்றது. என் இடது கால் பை எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை. நைனாவும் போய்விட்டார்.

அண்மையில் திருமலைக்குப் போனபோது மலையடிவாரத்து அலிபிரி சோதனையில், மேலே பிளாஸ்டிக் கூடாதென்று எங்கள் கவர்களை வாங்கிப் போட்டுவிட்டார்கள். துணிமணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும் மனைவியும் நின்றபோது, பெங்களூரிலிருந்து வந்திருந்த முனிரத்தினம் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "இன்னாடா, உங்க நைனா காலை எங்க வுட்ட?" என்று சிரித்தபடி, வெளுத்துப்போன ஒரு காக்கிப் பையை விரித்து எங்கள் சாமான்களை வாங்கிப் போட்டுக்கொண்டான். அதே பாக்கெட், அதே பட்டன்.

ஒரு தடவை அதற்குள் கைவிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கலாம், கூச்சம் விடவில்லை. இப்போது எங்கள் வீட்டில் கவர் வாங்குவதில்லை. என் பேண்டை வெட்டி மனைவி பை தைத்திருக்கிறாள், பாக்கெட்டோடு. காய் வாங்கக் கிளம்பும்போது ஆணியிலிருந்து அதை எடுக்கிறேன். பெங்களூரில் யாரோ ஒருவன் வீட்டு ஆணியில் என் நைனாவின் பாக்கெட் தொங்குகிறதே என்று ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.